உப்பாற்றுப் பறவைகளுக்கு ஏற்ற கமரா

கோப்பாயிலிருந்து கைதடிக்குச் செல்லும் வீதி உப்பாற்றைக் கடக்கும் இடத்தில், மாரிமழை ஓய்ந்த பின் வரும் மாலைப்பொழுதுகளில், சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஓரமாக நிறுத்திவிட்டு நீர்ப்பரப்பை நோக்கிக் கைத்தொலைபேசியை உயர்த்தி நிற்கும் இளைஞர்களை இப்பொழுது காணலாம். அவர்கள் கண்ணாற் காண்பன நாரைகளும் கூழைக்கடாக்களும் பவளக்காலிகளும். தொலைபேசியிற் பதிவாவனவோ சாம்பல்நிற நீரின்மீது சிதறிய சில வெண்புள்ளிகள். அந்த ஏமாற்றத்திலிருந்தே, அதிக பணமில்லாத ஒருவன் எந்தக் கமராவை வாங்கலாம் என்ற கேள்வி பிறக்கிறது. இதற்குக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்லும் விடை, சூம் அதிகமுள்ளதை வாங்குங்கள் என்பது. அந்த விடை இளைஞர்களை வழிதவறச் செய்கிறது என்பதும், குறைந்த பணத்தைக் கொண்டு தொலைவிலுள்ள ஜீவராசிகளைப் படம்பிடிக்க விரும்புவோர் அப்பணத்தை முதலில் ஒளிக்கும் அதற்கடுத்து அசைவின்மைக்கும் செலவழித்து, தூரத்தை வேறு வழியாற் குறைத்துக்கொள்ளவேண்டும் என்பதும் என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

இது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய விஷயம் என்று கருதுவோர், நாம் வாழும் இடம் எத்தகையது என்பதைச் சற்றே சிந்திக்கவேண்டும். ஆசியாவின் வடபகுதிகளிற் கோடையைக் கழித்து, குளிர் தொடங்கியதும் தெற்கு நோக்கிப் புறப்படும் நீர்ப்பறவைகளின் ஆகாயமார்க்கம் முடிவடையும் இடங்களுள் நம்முடைய நீரேரிகளும் அடங்கும். 1938 இற் சரணாலயமாகி 2015 இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளமும், 2008 இற் சரணாலயமாகி 2010 இல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிற் சேர்ந்த மன்னார் வங்காலையும் உலகறிந்த தலங்கள். தொண்டைமானாறும் உப்பாறும் அவ்வளவு புகழ் பெறாதவை, ஆயினும் ஊசிவால் வாத்தும் கருவால் மூக்கனும் ஆலாவும் அந்தப் புகழைக் கேட்டு வருவனவல்ல. இலங்கையின் தென்பகுதியார் வடக்கிலும் வடமேற்கிலுமே தேடிக் காணவேண்டிய கௌதாரியும் கரிக்குருவியும் நமக்குத் தோட்டத்து வரம்பிலும் தரவை ஓரத்திலும் நாள்தோறும் தென்படுகின்றன. இவற்றைப்பற்றி ஆங்கிலத்தில் நல்ல நூல்கள் உண்டு, ஜீ. எம். ஹென்றியின் இலங்கைப் பறவை நூல் 1955 இலேயே வெளிவந்துவிட்டது. ஆனால் இவற்றின் அருகிற் பிறந்து வளர்ந்தவர்கள், இவை இரைதேடுவதையும் பூசலிடுவதையும் குஞ்சு வளர்ப்பதையும் தாமே படம்பிடித்துத் தமது மொழியில் விளக்கிய பதிவுகள் நான் கண்டவரையில் மிகச் சிலவே. அந்தக் குறையைத் தீர்க்க விரும்பும் பிள்ளைகள் பிழையான கருவியை வாங்கி, ஒரு மாரிகாலத்துடன் மனம் சோர்ந்து அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுவது வருந்தத்தக்கது.

முதலிற் சூம் என்னும் எண்ணை விளங்கிக்கொள்வோம். 60 மடங்கு, 83 மடங்கு, 125 மடங்கு என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண், அந்தக் கமரா தரும் மிக அகன்ற காட்சிக்கும் மிகக் குறுகிய காட்சிக்கும் இடையிலான விகிதமேயன்றிப் பறவையை எவ்வளவு சமீபத்திற் கொண்டுவரும் என்பதற்கு நேரான அளவன்று. நாம் பார்க்கவேண்டிய எண், பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் கமராவுக்குச் சமமாகக் கணித்துக் கூறப்படும் குவியத்தூரம். அதை அறிந்தால் எளிய கணக்கொன்று கைகொடுக்கும்: 36 ஐ அந்தக் குவியத்தூரத்தால் வகுத்து, வந்த விடையைப் பறவை நிற்கும் தூரத்தாற் பெருக்கினால், படத்தின் சட்டத்துள் எத்தனை மீற்றர் அகலம் அடங்கும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். 200 மீற்றர் தொலைவில் நிற்கும் பவளக்காலியை 600 மில்லிமீற்றரிற் பிடித்தால் சட்டத்தின் அகலம் 12 மீற்றர். 1200 இற் பிடித்தால் 6 மீற்றர். 2000 இற் பிடித்தால் 3.6 மீற்றர். பறவையின் உடல் நீளம் 40 சென்ரிமீற்றருக்குள் அடங்குவதால், முதலாவதில் அது சட்டத்தின் முப்பதில் ஒரு பங்கு, கடைசியில் ஒன்பதில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை மாத்திரம் வைத்து முடிவு செய்வதானால் கடைக்காரர் சொல்வதே சரியென்று ஒப்புக்கொள்ளவேண்டியதுதான்.

ஆனால் படம் என்பது அளவினால் மாத்திரம் ஆவதன்று, ஒளியினால் ஆவது. நிக்கோன் பி 900 என்ற கமரா 2015 இல் வெளிவந்தபோது 2000 மில்லிமீற்றர் நீட்சி உலகையே வியக்கவைத்தது; 2018 இல் வந்த பி 1000 அதை 3000 ஆக உயர்த்தியது. இவற்றின் வில்லை முழுமையாக நீண்டு நிற்கும்போது துவார எண் முன்னையதில் 6.5, பின்னையதில் 8. அதே 2015 இல் வெளிவந்த பனசோனிக் எஃப்.இசட். 300 என்ற கமராவின் நீட்சி 600 மில்லிமீற்றர் மாத்திரமே. ஆனால் அதன் துவார எண் தொடக்கத்திலிருந்து முடிவுவரை 2.8 ஆகவே நிற்கிறது. துவார எண் சிறுத்தால் உட்புகும் ஒளி பெருகும். அப்பெருக்கம் எண்களின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே முழு நீட்சியில் ஒன்றையொன்று ஒப்பிட்டால், எஃப்.இசட். 300 இன் சென்சரின் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஒளி, பி 900 இல் விழுவதைப்போல ஐந்து மடங்குக்கு மேலும், பி 1000 இல் விழுவதைப்போல எட்டு மடங்கும் ஆகிறது. மூன்றிலும் சென்சரின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீற்றரே. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பறவைகள் அதிகமாக இயங்கும் நேரமோ சூரியோதயத்துக்குப் பின்னான முதல் மணித்தியாலமும் அஸ்தமனத்துக்கு முந்திய கடைசி மணித்தியாலமும். அந்த மங்கிய ஒளியில், சிறு துவாரமும் சிறு சென்சரும் சேர்ந்த கமரா தன் குறையை ஈடுசெய்ய மின்சமிக்ஞையைப் பெருக்குகிறது. பெருக்குவதால் எழும் இரைச்சற் புள்ளிகளை அழிக்க முற்படுகிறது. அழிக்கும்போது இறகின் நுண்வரிகளையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. பெரிதாகத் தெரியும் ஆனால் இறகில்லாத ஒரு பறவை திரையில் எஞ்சுகிறது.

இன்னுமொரு சூட்சுமம் உண்டு. ஒளி சிறு துவாரத்தினூடே செல்லும்போது சற்றே விரிந்து பரவும் இயல்புடையது. துவார எண் 8 ஆக இருக்கும்போது ஒரு புள்ளி ஒளி சென்சரில் ஏறத்தாழ 0.01 மில்லிமீற்றர் அகலமான வட்டமாக விழுகிறது. பி 1000 இன் சென்சரில் ஒரு புள்ளியின் அகலம் 0.0013 மில்லிமீற்றர், எனவே ஒரு வட்டம் எட்டுப் புள்ளிகளின் அகலத்தை மூடிக்கொள்கிறது. வில்லை எவ்வளவு சிறப்பாகக் கடையப்பட்டிருப்பினும் இந்த மென்மையைத் தவிர்க்க முடியாது. இது இயற்கையின் விதி. நீட்சிக்காகக் கொடுக்கும் கிரயத்தில் ஒரு பகுதி விவரமாகத் திரும்பி வராமற் போவது இதனாலேதான்.

எல்லாவற்றிலும் கொடியது கானல். வெயில் ஏறத்தொடங்கியதும் உவர்த்தரவையும் ஆழமற்ற நீரும் சூடேறி, அவற்றின்மேல் நிற்கும் காற்று அடுக்கடுக்காகக் கொதிக்கிறது. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. 2000 மில்லிமீற்றர் வில்லைக்கோ மற்றெதுவும் தெரியாது. காலை ஒன்பது மணிக்குப் பின் உப்பாற்றின் அக்கரையில் நிற்கும் நாரையை முழு நீட்சியிற் படம்பிடித்துப் பாருங்கள்: அதன் கால்கள் நெளியும், கழுத்து ஒடிந்து ஒட்டும், கண் இருந்த இடம் தெரியாது. இலட்ச ரூபா கமராவும் பத்து இலட்ச ரூபா கமராவும் இவ்விஷயத்தில் ஒன்றே, ஏனெனில் குற்றம் கருவியில் இல்லை, இடையிலுள்ள காற்றில் இருக்கிறது. தூரத்தைக் குறைப்பதும், நிலம் குளிர்ந்திருக்கும் வேளையைத் தெரிந்துகொள்வதுமே இதற்குப் பரிகாரம். அப்படித் தூரத்தைக் குறைத்துக்கொண்டவனுக்கு 2000 மில்லிமீற்றர் அவசியமாவதில்லை.

அசையாப் படத்துக்கும் அசையும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே கூறவேண்டும்; கமரா பற்றிய ஆலோசனைகள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. அசையாப் படம் எடுப்பவன் ஒரு செக்கனில் பத்துப் படங்களைச் சுட்டு, ஒன்பதை எறிந்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அசையும் படம் எடுப்பவன் அந்தச் செக்கனை முழுமையாகக் காட்டியாகவேண்டும். கையின் நடுக்கம், காற்றின் உதைப்பு, குவியம் தடுமாறி நாணற்புல்லுக்கும் பறவைக்கும் இடையே அலைவது ஆகிய யாவும் பார்ப்பவர் முன் பிரத்தியட்சமாகிவிடும். ஆதலின், கமராவுக்கென ஒதுக்கிய பணத்தில் நான்கில் ஒரு பங்கையாவது முக்காலிக்கும், எண்ணெய்த் தடையினால் மெதுவாகத் திரும்பும் அதன் தலைக்கும் முதலில் எடுத்து வைத்துவிடவேண்டும் என்பேன். கலியாண வீடுகளில் வீடியோ எடுக்கும் ஸ்ரூடியோக்காரர் தமது பழைய முக்காலிகளை மாற்றும் காலம் பார்த்து விசாரித்தால், புதிதாக விற்கும் இலேசான முக்காலிகளைவிட எவ்வளவோ கனமான, நம்பத்தக்க சாதனம் குறைந்த விலையிற் கிடைக்கும். சோளகம் வீசும் மாதங்களில் அதுவும் போதாது. முக்காலியின் நடுக்கொழுவியில் மணற்பை ஒன்றைத் தொங்கவிட்டு, கால்களை நீட்டாமற் குறுக்கி, தரையோடு தரையாக அமர்ந்து பிடிக்கவேண்டும். அப்படித் தாழ அமர்வதால் பறவையின் கண்மட்டத்திற் காட்சி அமைவது மேலதிக நன்மை.

ஒலியையும் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஆலாக்களின் கூச்சலும் பவளக்காலியின் எச்சரிக்கைக் குரலும் இல்லாத படம் பாதிப் படம். கமராவிலுள்ள சிறு ஒலிவாங்கி நம்முடைய காற்றில் வெறும் இரைச்சலையே பதியும். வெளி ஒலிவாங்கியைப் பொருத்துவதற்குத் துளை உண்டா என்று வாங்குமுன் பார்த்தல்வேண்டும்: எஃப்.இசட். 300 இல் உண்டு, பி 1000 இல் உண்டு, பி 900 இல் இல்லை. துளை இல்லாத கமராவை வைத்திருப்போர் கைத்தொலைபேசியைப் பற்றைக்குள் காற்றுப் படாமல் வைத்து ஒலியைத் தனியே பதிந்து, பின்னர்ப் படத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இனிப் பெயர் சொல்லியே கூறுகிறேன். கையில் உள்ளது சொற்பப் பணமாயின், பாவித்த எஃப்.இசட். 300 ஒன்றைத் தேடுங்கள். தூசியும் தூறலும் உட்புகாதபடி முத்திரையிட்ட உடல், 4கே அளவில் அசையும் படம், ஒலிவாங்கித் துளை, மங்கிய ஒளியிலும் தளராத வில்லை ஆகிய இவ்வளவும் அந்த விலையில் ஒருங்கே அமைந்த வேறொரு கருவியை நான் அறியேன். 4கே என்பது முழு எச்.டி. படத்தைவிட நீளத்திலும் அகலத்திலும் இரட்டிப்பான புள்ளிகளைக் கொண்டது. ஆகவே 600 மில்லிமீற்றரிற் பிடித்த 4கே படத்தின் நடுப்பகுதியை மாத்திரம் வெட்டியெடுத்து எச்.டி. படமாக்கினால், 1200 மில்லிமீற்றரிற் பிடித்ததற்குச் சமமான காட்சி கிடைக்கும். சற்றே கூடுதலான பணம் உள்ளவர்கள், அதே நிறுவனத்தின் ஜீ 7 என்ற கமராவையும் 100 முதல் 300 வரையான மில்லிமீற்றர் வில்லையையும் பாவித்தவையாக வாங்கலாம். அச்சேர்க்கை 600 மில்லிமீற்றருக்குச் சமமான நீட்சியை, எட்டு மடங்கு பரப்புள்ள சென்சரில் தருகிறது. 2013 இல் வெளிவந்த கனொன் 70டி, அசையும் படத்திற் குவியத்தைச் சீராகப் பின்தொடர்வதில் அக்காலத்தில் முன்னோடியாக விளங்கியது; கலியாண வீடியோக்காரர் கைமாற்றும் கமராக்களுள் அதைக் கண்டால், 55 முதல் 250 வரையான மலிவு வில்லையோடு சேர்த்து வாங்குவது நட்டமாகாது. அதன் நீட்சி 400 மில்லிமீற்றருக்குச் சமமானதே. நெடுந்தீவுக் குதிரைகளுக்கு அது தாராளம், உப்பாற்றின் நடுவில் நிற்கும் உள்ளான்களுக்குப் போதாது. சோனி ஆர்.எக்ஸ். 10 வரிசையின் நான்காவது கமரா இவையெல்லாவற்றிலும் சிறந்தது. 2017 இல் 1700 டொலருக்கு அறிமுகமான அதைக் குறைந்த விலைக் கமரா என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பி 900 ஐயும் அதன் பின்வந்த பி 950 ஐயும் நான் அறவே ஒதுக்கவில்லை. நாடுநாடாக ஆய்வாளர்கள் பறவைகளின் காலிற் கட்டிவிடும் நிறக்கொடிகளின் எழுத்தையும் எண்ணையும் வாசிப்பதற்கும், தொலைவில் நிற்கும் கடற்காகம் எந்த இனத்தது என்று ஐயமறத் தெளிவதற்கும் அந்த நீட்சி மெய்யாகவே பயன்படும். அழகைவிட அடையாளமே வேண்டப்படும் இடம் அது. பறவைகளை இனங்கண்டு எண்ணுவதே தம் நோக்கம் என்போர் அவற்றை வாங்கலாம். பறவையின் வாழ்வைக் காட்ட விரும்புவோர்க்கு அவை முதற்கருவி ஆகா. பி 1000 ஐயோ, 1.4 கிலோகிராம் எடையும் துவார எண் எட்டும் கொண்ட அதை, புதிதாகத் தொடங்கும் எவருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். பெயர் தெரியாத நிறுவனங்களின் பெயரில், 4கே என்றும் பதினாறு மடங்கு சூம் என்றும் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் விளையாட்டுக் கமராக்களை வாங்குவது பணத்தை நீரில் எறிவதாகும். அவற்றில் உள்ளது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெருப்பிக்கும் பொய்ச் சூம்.

விலையைப்பற்றி ஒளிவின்றிப் பேசவேண்டும். எஃப்.இசட். 300 உம் பி 900 உம் வெளிவந்தபோது ஒவ்வொன்றும் 600 டொலர். 2022 தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த காலத்தில் அது ஒரு இலட்சத்து இருபதினாயிரம். அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாவளவில் ஏறியபோது இரண்டு இலட்சத்துக்கு மேல். ஒரு தோட்டக்காரரின் அல்லது இளம் ஆசிரியரின் வருமானத்தோடு இதை வைத்துப் பார்த்தால், புதுக் கமரா என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது விளங்கும். ஆகவே பாவித்த கமராவே கதி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் உள்ள நம் உறவினர், ஊருக்கு வரும்போது சொக்கிலேற்றுக்குப் பதிலாக ஒரு பழைய கமராவைக் கொண்டுவரலாம். அவர்களிடம் சொல்லும்போது, வட அமெரிக்காவில் எஃப்.இசட். 300 என்று விற்கப்பட்டது ஐரோப்பாவின் சில நாடுகளில் எஃப்.இசட். 330 என்ற பெயரில் விற்கப்பட்டது என்பதை நினைவூட்டுங்கள். பெயர் வேறாக இருக்கக் கண்டு நல்ல பேரத்தைக் கைவிட்டுவிடக்கூடாது. ஐரோப்பியச் சந்தைக்கென ஆக்கப்பட்ட பழைய கமராக்கள் பல, வரிவிதியை முன்னிட்டு, முப்பது நிமிடம் நிறையுமுன் பதிவைத் தாமே நிறுத்திவிடும். பறவைகளை நீண்டநேரம் தொடர்ந்து பதிய எண்ணுவோர் இதை மனத்திற் கொள்ளவேண்டும்.

பாவித்ததை வாங்குமுன் வில்லையின் ஒரு பக்கத்திலிருந்து சிறு ரோச் வெளிச்சத்தைப் பாய்ச்சி மறுபக்கத்தாற் பாருங்கள். சிலந்தி வலைபோல நுண்ணிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம், எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடவேண்டியது. சூமை முழுமையாக நீட்டிச் சுருக்கும்போது கரகரவென்ற ஓசை எழுந்தால் உள்ளே மணல் இருக்கிறது என்று கொள்ளலாம். வாங்கிய பின்னும் நம்முடைய உப்புக்காற்று ஒரு பகையே. காற்றுப்புகாத அரிசி வாளியொன்றில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு கமராவை வைத்துவிட்டால், ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு விற்கும் உலர்பெட்டியின் வேலையை அது செய்துவிடும்.

தூரத்தை வேறு வழியாற் குறைக்கவேண்டும் என்று தொடக்கத்திற் சொன்னேன். அதற்கு நம் தமிழரிடையே பெரியதோர் உதாரணபுருஷர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன் (1912–1996), யானைகளையும் காட்டெருதுகளையும் இந்தியக் காடுகளிற் கறுப்பு வெள்ளைப் படமாகப் பிடித்தவர். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் தம் இறுதிவரை இயற்கைபற்றி இடைவிடாது எழுதியவர். வெவ்வேறு கமராக்களின் பாகங்களையும் வில்லைகளையும் தாமே பொருத்திக்கொண்ட ஒரு கருவியை அவர் பயன்படுத்தினார். அதற்குச் 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரும் இட்டிருந்தார். உலகத்தின் மிகச் சிறந்த வில்லைகள் அவரிடம் இருக்கவில்லை. விலங்கு எந்த நேரத்தில் எந்த வழியாக வரும், எவ்வளவு தூரம்வரை மனிதனைச் சகித்துக்கொள்ளும் என்ற ஞானம் அவரிடம் இருந்தது; அந்த ஞானமே அவருடைய படங்களில் ஒளிர்கிறது.

அந்த ஞானத்தை உப்பாற்றங்கரையிற் பெறுவதற்கு நமக்கு வேண்டியது கிடுகு. பத்துப் பன்னிரண்டு கிடுகும் நான்கு தடியும் இருந்தால், ஒருவர் அமர்ந்திருக்கத்தக்க மறைப்பொன்றை அரை நாளிற் கட்டிவிடலாம். கட்டிய அன்றே உட்புகுந்து பயனில்லை. பறவைகள் அதைப் பழகிக்கொள்ளச் சில நாட்கள் விடவேண்டும். பின்னர் இருள் விலகுமுன் உள்ளே சென்று அமர்ந்தால், 200 மீற்றருக்கு அப்பால் நின்ற பவளக்காலி தானாகவே 50 மீற்றருக்குள் வந்து மேயும். முன்சொன்ன கணக்கின்படி, தூரம் நான்கில் ஒன்றாகும்போது 600 மில்லிமீற்றர் வில்லை 2400 மில்லிமீற்றரின் வேலையைச் செய்கிறது. கானலும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஒளி ஒரு துளியும் குறைவதில்லை. சூரியன் எப்பக்கம் என்பதும் பெரிய விஷயம். உப்பாறு கோப்பாய்க்குக் கிழக்கே கிடப்பதால், நம்முடைய கரையில் நின்று காலையிற் பார்த்தால் பறவைகளின் பின்னால் வெயில் எறித்து அவை கரிய உருவங்களாகவே தெரியும். மாலையில் வெயில் நம் முதுகுப்புறம் நின்று அவற்றின் நிறங்களை முழுமையாக வெளிக்காட்டும். காலையிற் படம்பிடிக்க விரும்புவோர் பாலத்தைக் கடந்து கைதடிப் பக்கம் செல்லவேண்டும். இவ்வளவு எளிய உண்மை, எந்தக் கமராவின் கையேட்டிலும் அச்சிட்டிராது.

பறவை எழுந்து பறக்கும் காட்சியைப் பெறுவதற்காகக் கல்லெறிவதும், கூட்டத்தின்மீது ட்ரோன் பறக்கவிடுவதும் பெரும் பாதகங்கள். பல்லாயிரம் கிலோமீற்றர் பறந்து களைத்து வந்த உயிர், திரும்பிச் செல்வதற்காக உடலிற் சேர்க்கும் கொழுப்பை நம்முடைய அரை நிமிடப் படத்துக்காகச் செலவழிக்கவேண்டியதில்லை. கூடுகளுக்கு அருகில் மறைப்புக் கட்டுவதையும் அறவே தவிர்க்கவேண்டும். இன்னொன்றையும் இங்கு வாழ்வோர் அறிவர்: இராணுவ முகாம்களும் காவலரண்களும் உள்ள நிலத்தில், நீண்ட வில்லையோடு பற்றைக்குள் அமர்ந்திருப்பவனைச் சந்தேகிப்போர் உண்டு. எந்த முகாமையும் நோக்கிக் கமராவைத் திருப்பாதிருப்பதும், அயலாருக்கும் வலை வீசும் தொழிலாளருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவதும், தனியே செல்லாது இருவராகச் செல்வதும் விவேகம். அந்தத் தொழிலாளர், எந்தக் குடாவில் எந்த மாதம் தாரா இறங்கும் என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர்களும்கூட.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஒரு பாவித்த கமராவும் முக்காலியும் ஒரு மாணவனின் சக்திக்கு அப்பாற்பட்டவையாகவே நிற்கின்றன. ஆகவே கமராவைத் தனியுடைமையாகக் கருதும் வழக்கத்தையே நாம் விட்டுவிடலாகாதா? நம்முடைய ஊர்களிற் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பத்திரிகையைப் பொதுவில் வாங்கி எல்லாரும் வாசிக்கும் பழக்கத்தைத் தலைமுறைகளாகக் காத்தவை அவை. பாடசாலைகளுக்குக் கடல்கடந்த பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. ஒரு நிலையம் ஒரு கமராவையும் ஒரு முக்காலியையும் இரண்டு பற்றறிகளையும் வாங்கி, புத்தகம் இரவல் கொடுப்பதுபோலப் பெயர் பதிந்து கொடுத்தால், ஒருவர் தாங்கும் செலவைப் பலர் பகிர்ந்துகொள்வர். பெட்டிக்குள் உறங்கும் கருவியும் நாள்தோறும் கரைக்குச் செல்லும்.

அதனால் விளையும் பயன் பொழுதுபோக்கோடு நிற்காது. மன்னாரிற் காற்றாலைகள் அமைப்பதுபற்றி எழுந்த பிணக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றபோது, வலசைப் பறவைகளின் பாதை அங்கே முதன்மையான விவாதப்பொருள்களுள் ஒன்றாயிற்று. நாளை உப்பாற்றிலோ தொண்டைமானாற்றிலோ ஓர் அணையோ வீதியோ மின்திட்டமோ முன்வைக்கப்படுமானால், இங்கே எந்தப் பறவை எந்த மாதம் எவ்வளவு தொகையாக இருந்தது என்பதற்கு நாம் எதைச் சான்றாகக் காட்டுவோம்? 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. ஒரே கரையில், ஒரே இடத்திலிருந்து, ஒவ்வொரு ஜனவரியிலும் ஊர்ப் பிள்ளைகள் பிடிக்கும் பத்து நிமிடப் படம், அந்த எண்ணிக்கைக்கு உற்ற துணையாகும். அந்தப் பதிவுகளில் இறகின் அழகைவிட இடமும் காலமுமே பெறுமதி வாய்ந்தவை. ஆகையினால் ஒவ்வொரு படத்துடனும் திகதி, நேரம், நின்ற கரை, நோக்கிய திசை, காற்று, நீர்மட்டம், பறவைகளின் உத்தேச எண்ணிக்கை, பிடித்தவரின் பெயர் என்பனவற்றை நிலையத்துக் கொப்பியொன்றில் எழுதிவைக்கவேண்டும். படத்தின் ஒரு பிரதி நிலையத்துக் கணினியிலும், இன்னொன்று வேறொரு வீட்டில் வைக்கும் தனித் தட்டிலும் இருக்கவேண்டும். மூன்றாவது பிரதியை, 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கிக் காத்துவரும் நூலக நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு, நிலையத்தின் செயலாளர் ஒரு கடிதம் எழுதினாற் போதும்.